பச்சை பெல்ட்டுக்கு முந்திய குளிர்காலம்

பச்சை பெல்ட் தேர்வில் லீலாவதி தோற்றதற்குக் காரணம், அவள் கண்ணை மூடிக்கொண்டதுதான்.

எதிரே நின்றவன் ஒரு கல்லூரி மாணவன். அவனுடைய குத்து அவள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட வேண்டும் என்பது விதி. நின்றும் விட்டது. ஆனால் அது புறப்பட்ட உடனேயே லீலாவதி இரண்டு கண்களையும் இறுக்கி மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டாள். கரோல் பாக்கிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் அதே கதை. கூடத்தின் ஓரத்தில் ஸ்வெட்டர் பின்னியபடி உட்கார்ந்திருந்த பஞ்சாபிப் பெண்களில் யாரோ ஒருத்தி சிரித்தாள்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அவளைக் கலங்கடித்தது தோல்வி அல்ல. கண்ணை மூடிய அந்த நொடியில், எதிரே அந்த மாணவன் நிற்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. பின்னால் யாரோ நிற்பதாகத் தோன்றியது. அந்த ஆளை அவளுக்குத் தீபாவளி கழிந்ததிலிருந்து தெரியும். முகம் மட்டும்தான் தெரியாது.

லீலாவதி அம்பாசமுத்திரத்துக்காரி. கல்யாணமான மறு வருஷமே புருஷன் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டான். டெல்லியில் மத்திய அரசு வேலையில் இருந்த அண்ணன் லட்சுமணன் ஊருக்கு வந்து, "எங்கூட வந்துரு, இங்ஙன ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லிக்கிட்டு இருக்க வேண்டாம்" என்று அழைத்துக்கொண்டு போனான். கிட்வாய் நகரில் அவனுக்கு அரசாங்கக் குவார்ட்டர். மாடி வீடு. அண்ணன், மைனி தாயம்மாள், அவர்கள் மகள் காந்திமதி, அப்புறம் லீலாவதி. முப்பது வயதைத் தாண்டிய பிறகு ஒருத்தி புதிதாக ஒரு ஊருக்குள் நுழைவது எப்படியோ அப்படி நுழைந்தாள். தலையைக் குனிந்துகொண்டு.

கீழ்வீட்டில் பாலசுப்ரமணியம் இருந்தார். லட்சுமணனின் அலுவலகத்திலேயே கணக்குப் பிரிவில் அதிகாரி. அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான். அந்த வட்டாரத்துத் தமிழர்களுக்கு ரயிலில் இடம் வேண்டுமா, கேஸ் இணைப்பு வேண்டுமா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சீட்டு வேண்டுமா, அவரிடம்தான் போவார்கள். முருகன் பஜனைக்கும் அவர்தான் முன்னால் உட்காருவார். பார்லிமென்ட் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை காலியாக இருக்கிறது என்று சொல்லி, லீலாவதியை அதில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். லட்சுமணன் அந்த நன்றியை வாரம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லுவான்.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் எல்லாரோடும் பேசலாம். கொஞ்ச காலத்திலேயே அந்தக் கட்டடத்தில் யார் "ஹலோ" என்றாலும் ஆள் இன்னார் என்று சொல்லிவிடுவாள்.

கராத்தேவுக்கு அவள் போனது தனக்காக அல்ல. ஊரில் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்று டெல்லி முழுக்கப் பேச்சாகக் கிடந்த காலம் அது. குவார்ட்டர்ஸ் அம்மாக்கள் பிள்ளைகளைப் பூங்காவுக்குக்கூட விடப் பயந்தார்கள். அப்போதுதான் காலனியின் சமூகக் கூடமான சமாஜ் சதனில் குருங் என்ற டார்ஜிலிங்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு ஆரம்பித்தார். காந்திமதியைச் சேர்த்தார்கள். துணைக்கு லீலாவதி போனாள். குளிரில் சும்மா உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "பஹன்ஜி, உட்கார்ந்தால் இன்னும் குளிரும், வந்து நில்லுங்கள்" என்று குருங் இந்தியில் சொன்னார். அவள் போய் நின்றாள். காந்திமதி சில மாதங்களில் கதக் வகுப்புக்கு மாறிவிட்டாள். லீலாவதி மாறவில்லை.

காரணம் கட்டா. கட்டா என்றால், இல்லாத எதிராளிகளோடு தனியாகச் செய்கிற சண்டை. இடப்பக்கம் ஒருவன் வருகிறான், தடு. முன்னேறு, குத்து. பின்பக்கம் ஒருவன், திரும்பு. எந்த அடியை எந்தக் காலில் எடுத்துவைக்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே எழுதி வைத்தது. ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடியும். மஞ்சள் பெல்ட்டுக்கு முதல் கட்டா, ஆரஞ்சுக்கு இரண்டாவது, பச்சைக்கு மூன்றாவது. லீலாவதி காலையில் எல்லாரும் எழுவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போய்ச் செய்வாள். அங்கே யாரும் அவளைத் தொடமாட்டார்கள், அவளும் யாரையும் தொட வேண்டாம். மஞ்சளையும் ஆரஞ்சையும் அப்படியே வாங்கிவிட்டாள். பச்சைக்குத்தான் கட்டாவோடு சேர்த்து உயிருள்ள ஆளை எதிரே நிறுத்தினார்கள்.

ஐ.என்.ஏ. நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் குவார்ட்டர்ஸ் வரை நடக்க வேண்டும். குளிர்காலத்தில் அவள் இறங்கும்போதே இருட்டியிருக்கும். பூங்காச் சுவரை ஒட்டிப் போகிற ஒரு துண்டு வழியில் விளக்கு எரிந்தால் அதிசயம். அங்கீட்டி என்கிற கரியடுப்புகளிலிருந்து கிளம்பும் கரிப்புகை பனியோடு சேர்ந்து முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அந்தத் துண்டில்தான் காலடி கேட்க ஆரம்பிக்கும். அவள் வேகமாகப் போனால் அதுவும் வேகமாக வரும். அவள் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல நின்றால் அதுவும் நிற்கும். குவார்ட்டர்ஸ் வாசல் வெளிச்சம் வந்ததும் இருக்காது.

அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முகத்தைப் பார்க்க நேரும். பார்த்துவிட்டால், பார்த்துவிட்டாள் என்று அவனுக்கும் தெரிந்துவிடும். அதன் பிறகு அவன் என்ன செய்வானோ?

யாரிடம் சொல்வது? அண்ணனிடம் சொன்னால் வேலையை விடச் சொல்லுவான். மைனியோ பயந்த சுபாவம், பால் வாங்கக்கூடத் தனியாகக் கீழே இறங்கமாட்டாள்.

தேர்வில் தோற்ற அந்த வாரத்தில் ஒருநாள் பனி அடர்த்தியாக இருந்தது. சுவரை ஒட்டி அவள் நடந்துகொண்டிருந்தபோது காலடி ஓசை வழக்கத்தைவிடக் கிட்டத்தில் கேட்டது. மூச்சுக்கூடக் கேட்டது. பிறகு காதுக்குப் பின்னால், குரலே இல்லாமல், வெறும் காற்றாக ஒரு பேச்சு.

"லீலா... பயமா இருக்கா?"

தமிழ்.

அவள் ஓடினாள். அத்தனை நாளும் எவனோ ஊர் பேர் தெரியாத ஒருத்தன் என்று நினைத்திருந்தாள். இவனுக்கு அவள் பெயர் தெரியும். அவள் பாஷை தெரியும். ஆயிரம் குரலை அடையாளம் காணத் தெரிந்தவளுக்கு அந்தக் கிசுகிசுப்பில் ஒன்றும் பிடிபடவில்லை. கிசுகிசுத்தால் எல்லா ஆணும் ஒன்றுபோலத்தான் இருக்கிறான். வாசற்படியில் தடுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். வீட்டில் பஸ்ஸில் விழுந்துவிட்டதாகச் சொன்னாள்.

மறுநாள் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. கண்ணை மூடினால் காதில் அந்தக் காற்று. தெருவில் தமிழ்ப் பேச்சு கேட்டாலே உடம்பு விறைத்தது. கறிகாய்க்காரரிடம் பேரம் பேசும் தமிழ்க் குரல், பக்கத்து வீட்டுக் கல்யாண அழைப்புக்கு வந்தவர்களின் குரல், எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

அந்த வாரம் பாலசுப்ரமணியம் ஆரஞ்சுப் பழத்தோடு நலம் விசாரிக்க வந்தார். லட்சுமணன் அலுவலகத்தில். தாயம்மாள் அவரைக் கண்டதும் வழக்கம்போல முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு காப்பி போடப் போய்விட்டாள். பெரிய மனிதர், மூக்குக்கண்ணாடி, நெற்றியில் திருநீறு, அன்பான கண். அவரைப் பார்த்ததும் லீலாவதிக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஊரில் தமிழர்களின் எந்தச் சங்கடத்தையும் தீர்த்துவைக்கிறவர் இவர்தானே? சொல்லிவிட்டாள். காலடி, பனி, தமிழ்ப் பேச்சு, எல்லாவற்றையும்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"மொகத்தப் பாத்தியாம்மா?"

"இல்ல அண்ணாச்சி."

"பாக்கலையா?"

"திரும்பவே இல்ல. பயந்துக்கிட்டு..."

"நல்லதாப் போச்சு." அவர் பெருமூச்சு விட்டார். "திரும்பிராத. நீ மொகத்தப் பாத்துட்டேன்னு தெரிஞ்சா அந்தப் பயலுவ எதையும் செய்வானுவ. தலையக் குனிஞ்சுக்கிட்டு வீட்டைப் பாத்து வந்துரு. லட்சுமணன்ட்ட சொல்லாத, அவனுக்கு பிரஷர் இருக்கு. இனிமே நான் பாத்துக்கிடுதேன். போதுமா?"

அவள் கும்பிட்டாள். நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது.

மறுபடி வேலைக்குப் போனாள். சில நாட்கள் பின்னால் யாரும் வரவில்லை. அண்ணாச்சி ஏதோ செய்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். பொங்கல் முடிந்து, பனி மறுபடி இறங்கிய ஒரு சாயங்காலம் காலடிகள் திரும்பி வந்தன. இந்தத் தடவை அவை மறைந்து மறைந்து வரவில்லை. தன்னைத் திரும்பிப் பார்க்கமாட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்தவனின் நடை அது.

அடுத்த ஞாயிறு வகுப்பில் குருங் அவளைத் தனியாக முன்னால் அழைத்து முதல் கட்டாவைச் செய்யச் சொன்னார். ஆரஞ்சு பெல்ட் கட்டியவளை மஞ்சள் பெல்ட் கட்டாவைச் செய்யச் சொன்னதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். செய்தாள். பாதியிலேயே நிறுத்தினார்.

"யாரை அடிக்கிறீர்கள்?"

அவளுக்குப் புரியவில்லை.

"பின்னால் ஒருவன் வருகிறான். நீங்கள் உடம்பைத் திருப்புகிறீர்கள், கையை வீசுகிறீர்கள், கண் தரையிலேயே கிடக்கிறது. அவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் எப்படித் தடுப்பீர்கள்? பெஹ்லே தேக்கோ, ஃபிர் கூமோ. முதலில் தலை திரும்ப வேண்டும். பார்த்த பிறகுதான் கால்." அவர் செய்து காட்டினார். கழுத்து வெட்டியது போலத் திரும்பியது. ஒரு கணம் எல்லாம் நின்றது. அப்புறம்தான் இடுப்பு சுழன்றது. "இதற்குத்தான் கட்டாவில் மதிப்பெண். இதற்குத்தான் அன்றைக்கு உங்களை ஃபெயில் செய்தார்கள். பயப்படுவது தப்பில்லை. பார்க்காமல் பயப்படக் கூடாது."

அவரைவிட அவள் பத்து வயது பெரியவள். அவர் அதை மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் வீடு திரும்பும்போது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. பாலசுப்ரமணியம் அண்ணாச்சி திரும்பாதே என்கிறார். இவர் திரும்பு என்கிறார். இருவரில் இவருக்கு என்ன தெரியும்? மரத்தரையில் கற்பனை ஆளோடு சண்டை போடுகிறவர்தானே?

மறுநாள் திங்கட்கிழமை. அலுவலகத்தில் நாள் முழுக்க அவள் தவறான இணைப்புகளாகக் கொடுத்துத் திட்டு வாங்கினாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாள். பூங்காச் சுவர் வந்தது. புகை வந்தது. பின்னால் நடையும் வந்தது.

பிறகு நடந்ததை அவள் எப்போது நினைத்தாலும், தைரியம் வந்து திரும்பியதாக அவளுக்கு நினைவில்லை. இனி ஒரு அடிகூட அப்படியே நடக்க முடியாது, நடந்தால் செத்துவிடுவோம் என்று தோன்றியது, அவ்வளவுதான். நின்றாள். தலையைத் திருப்பினாள். உடம்பு இன்னும் வீட்டைப் பார்த்துத்தான் நின்றது.

காதை மூடிய மங்கிக் குல்லா, கழுத்தில் சுற்றிய மஃப்ளர், நடுவே மூக்குக்கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் பாலசுப்ரமணியத்தின் கண்கள்.

ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அண்ணாச்சி! காவலுக்கு வந்திருக்கிறார்! அவரும் அதையே சொன்னார்.

"நாந்தாம்மா. ஒனக்குத் தொணையாத்தான் வாரேன்."

ஆனால் அந்த நடையை அவள் காது வாரக்கணக்கில் கேட்டிருக்கிறது. வலது கால் சற்றே இழுத்து விழும் நடை. அவர் அவளை நோக்கி எடுத்து வைத்த அடியும் அதே நடையில்தான் விழுந்தது. அவள் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் கண்ணில் இருந்த அன்பு அணைந்தது. அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தார். குனிந்து, குரலே இல்லாமல் கேட்டார்:

"திரும்பாதன்னு சொன்னேன்ல?"

முதல் கட்டாவில், பின்பக்கம் திரும்பித் தடுத்த உடனே, அந்தக் கையையே வெடுக்கென்று பின்னால் இழுத்து, தலைக்கு மேல் வட்டமாகக் கொண்டுபோய், முஷ்டியைச் சுத்தியல்போல இறக்கும் ஒரு அசைவு உண்டு. அது எதற்கென்று அவள் கேட்டதே இல்லை. மொட்டை மாடியில் எத்தனையோ காலை செய்திருக்கிறாள். இப்போது இடுப்பு தானாகச் சுழன்றது. கை அவர் பிடியிலிருந்து வழுக்கி வெளியே வந்து, மேலே போய், இறங்கியது. எங்கே பட்டது என்று தெரியவில்லை. கண்ணாடி தரையில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

கத்த வேண்டும். கட்டாவில் அங்கங்கே கத்த வேண்டும் என்று விதியே இருக்கிறது. அவளுக்கு ஒரு சத்தமும் வரவில்லை. ஓடினாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டுக் குளியலறையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து ஒரு நடை மாடிப்படி ஏறி வந்தது. கதவு தட்டும் ஓசை. லட்சுமணனின் குரல்: "வாங்க அண்ணாச்சி, வாங்க! என்னது, கண்ணாடி ஒடைஞ்சிருக்கு?"

"ஒண்ணுமில்ல தம்பி, தப்பா எடுத்துக்கிடாதீங்க." அவர் குரலில் கவலை ததும்பியது. "ஒங்க தங்கச்சிதான் யாரோ பின்னால வாரான்னு எங்கிட்ட அழுதுச்சு. அதுக்காகத்தான் நான் தொணைக்கு நடந்தேன். புள்ள என்னையே அந்த ஆளுன்னு நெனச்சு அடிச்சுட்டு ஓடிட்டு. பாவம், வாழ்க்கையில அடிபட்ட மனசு. டாக்டர்ட்ட காட்டுங்க. இந்தக் கராத்தே எழவ மொதல்ல நிறுத்துங்க."

லட்சுமணன் அவரிடம் மன்னிப்புக் கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான். கதவுக்கு இந்தப் பக்கம் லீலாவதிக்கு ஒன்று புரிந்தது. அவள் வாயாலேயே அவருக்குச் சாட்சி சொல்லி வைத்திருக்கிறாள். இனி அவள் என்ன சொன்னாலும் பைத்தியம் என்பார்கள். மணிக்கட்டில் விரல் பதிந்த இடம் சிவந்து கிடந்தது. அதையும் அவர் துணைக்குப் பிடித்தது என்று சொல்லிவிடுவார்.

அவர் போன பிறகு அண்ணன் கத்தினான். "எவ்வளவு பெரிய மனுசன்! ஒனக்கு வேலை வாங்கித் தந்தவரு! மண்டையில என்ன இருக்கு ஒனக்கு?" இனிமேல் வகுப்புக்குப் போகக் கூடாது என்றான்.

அடுக்களையில் தாயம்மாள் தோசைக்கல்லில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். லீலாவதி போய்ப் பக்கத்தில் நின்றாள். மைனி கல்லைப் பார்த்தபடியே, அடங்கிய குரலில் கேட்டாள்.

"லீலா, அந்தாளு பின்னால வந்து பேசுனான்னு அன்னைக்கு அண்ணாச்சிட்ட சொன்னியே, காப்பி போடையில காதுல விழுந்துச்சு... சத்தமே இல்லாமயா பேசுனான்?"

"ஆமா மைனி."

"என்ன கேட்டான்?"

"பயமா இருக்கான்னு."

தாயம்மாளின் கையிலிருந்த கரண்டி நின்றது. தோசை கருகும் வாடை வந்த பிறகும் அவள் அசையவில்லை.

"காந்திமதி வயித்துல இருக்கையில," என்றாள். "மாடிப்படியில ஏறி வாரேன். கரண்ட் இல்ல. பின்னால இருந்து ஒருத்தன், 'தாயி... பயமா இருக்கா?'ன்னு கேக்கான். திரும்பிப் பாக்கத் தைரியம் இல்ல. பேயின்னு நெனச்சேன் லீலா. ஊருக்குப் போயி மந்திரிச்சுக் கயிறு கட்டிட்டு வந்தேன். அதுக்குப் பொறவு ரெண்டு மூணு வாட்டி. நான் ஏன் தனியாக் கீழ எறங்க மாட்டேங்கேன்னு நெனைக்க?"

பத்து வருஷமாக அந்த வீட்டில் ஒருத்தி பேய்க்குப் பயந்து வாழ்ந்திருக்கிறாள். பேய் கீழ்வீட்டில் பஜனை பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

தாயம்மாள் அடுப்பை அணைத்தாள். முன்னறைக்குப் போய்ப் புருஷனுக்கு எதிரே நின்றாள். லீலாவதி அவளை அப்படி நிமிர்ந்து நின்று பார்த்ததில்லை.

"அவ சொன்னா நீங்க நம்ப மாட்டிய. நான் சொல்லுதேன், கேளுங்க."

லட்சுமணன் கேட்டான். முதலில் எழுந்தான், அப்புறம் உட்கார்ந்தான். "போலீசுக்குப் போயி என்னன்னு சொல்லுறது? பேசுனாருன்னா?" என்றான். பிறகு, "ஆபீஸ்ல அவரு ஒரு வார்த்த சொன்னாப் போதும், என்னைய எங்கயாவது தூக்கிப் போட்டுருவாங்க." அவன் கண் கலங்கியிருந்தது. வீட்டில் இருந்த மூன்று பேருமே பயந்தவர்கள்தான் என்று லீலாவதிக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கு முன் அவள் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

அவன் கீழே போய்ச் சண்டை போடவில்லை. புகார் எழுதவில்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். அதற்கு மறுநாளும் நின்றான். வகுப்புக்குப் போகாதே என்று சொன்னதை மட்டும் வாய்விட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு காலையில் தானே எழுந்து அவளுக்கு வெந்நீர் வைத்தான்.

பால் பூத்துக்கு மைனியும் நாத்தனாரும் சேர்ந்து போகத் தொடங்கினார்கள். வரிசையில் நிற்கும் பெண்களிடம் தாயம்மாள் பேசினாள். பெயர் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "பீச்சே ஆத்தா ஹை, சுப்கே போல்தா ஹை" என்றாள், பின்னால் வருகிறான், கிசுகிசுக்கிறான் என்று. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு மலையாளிப் பெண் முகம் வெளுத்தது. ஒரு பஞ்சாபி ஆசிரியை, "ஐ.என்.ஏ. ரோடிலா?" என்று கேட்டாள். அதற்குமேல் யாரும் பேசவில்லை. வேலைக்குப் போய்வரும் பெண்கள் நிறுத்தத்தில் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, சேர்ந்து நடக்கும் வழக்கம் மட்டும் அந்த மாதத்திலிருந்து உண்டாயிற்று.

வேனில் தொடங்கும்போது பச்சை பெல்ட் தேர்வு மறுபடி வந்தது. அதே கூடம், அதே தேர்வாளர். மூன்றாவது கட்டாவைச் செய்து முடித்தாள். பிறகு எதிரே ஆள். இம்முறை வேறொரு பையன், அவசரக்காரன். அவன் முதல் குத்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அவள் உதட்டில் பட்டது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. கண்ணில் நீர் கோத்துக் கூடமே மங்கலாயிற்று. கண்ணை மட்டும் அவள் மூடவில்லை. அடுத்த குத்தைத் தடுத்தாள், அதற்கடுத்ததையும். தேர்வாளர் நிறுத்தச் சொல்லிப் பையனைக் கண்டித்துவிட்டு, அவளிடம் வந்து உதட்டைப் பார்த்தார். "பயமாக இருந்ததா?" என்று இந்தியில் கேட்டார். அந்தக் கேள்வி எந்தப் பாஷையிலும் இனி அவளுக்கு ஆகாது. இருந்தும் அவர் கண்ணைப் பார்த்து, "ஹாஞ்ஜி, இருந்தது" என்றாள்.

பெல்ட் கிடைத்தது. அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது கீழ்வீட்டு வாசலில் பாலசுப்ரமணியம் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "பாஸாயிட்டியாம்மா? சந்தோஷம்" என்றார். அவள் நிற்காமல் படியேறினாள். ஒவ்வொரு படியிலும் முதுகு கூசியது.

அவர் தலைக்கு மேலேயே அவர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். பஜனைச் சத்தம் தரை வழியாக மேலே வரும். தாயம்மாள் அப்போது வானொலியைச் சத்தமாக வைப்பாள். லட்சுமணன் அலுவலகத்தில் அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பான். அந்த வருஷம் அவனுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. காரணம் அதுதானா என்று யாருக்கும் தெரியாது. காந்திமதியைப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கி அனுப்பும்போது யாராவது ஒருவர் படியின் அடிவரை போனார்கள்.

பிறகு அவருக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. தமிழர்கள் எல்லாம் சேர்ந்து சமாஜ் சதனில் பிரிவு உபசாரம் நடத்தினார்கள். மாலை போட்டார்கள். மாடி வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த காலையில், அவர் மனைவி கோமதி மாடி ஏறி வந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் மேலே வந்ததை லீலாவதி பார்த்ததில்லை. ஒல்லியான, சத்தம் போடாத பெண். போய்வருகிறேன் என்று தாயம்மாளிடம் சொன்னாள். குங்குமம் வாங்கிக்கொண்டாள். படியிறங்கத் திரும்பியவள் வாசலில் நின்ற லீலாவதியின் அருகே தயங்கினாள்.

"லீலா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்கக்கா."

"நீ படிக்கியே, அந்தக் கராத்தே... என் வயசுல படிக்க முடியுமா?"

லீலாவதி அவளைப் பார்த்தாள். குங்குமம் வாங்க நீட்டியதில் ரவிக்கைக் கை சற்று ஏறி, அதன் கீழே விரல் பதிந்ததுபோல ஒரு நீலத் தடம் தெரிந்தது. அவள் அதை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"முடியும்க்கா," என்றாள் லீலாவதி. "என்னக்கா, என்ன செய்யுதாரு ஒங்கள? உள்ள வாங்க. உக்காந்து பேசுவோம்."

கீழே லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். "கோமதி!" என்று பாலசுப்ரமணியம் சிரித்த குரலில் கூப்பிட்டார். "ஜல்தி வா, ரயிலு நமக்காகக் காத்திருக்காது."

கோமதி வேகவேகமாகப் படியிறங்கினாள். லீலாவதியும் பின்னாலேயே இறங்கினாள். வாசலுக்கு வருவதற்குள் டாக்ஸிக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் கோமதி மடியில் கையை வைத்து, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பாலசுப்ரமணியம் முன்னிருக்கையிலிருந்து எல்லாருக்கும் கையாட்டினார்.

அதன் பிறகு லீலாவதி அந்த வீட்டில் நெடுங்காலம் இருந்தாள். பழுப்பு பெல்ட் வரை போனாள். கறுப்புக்குப் போகுமுன் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வேலை நிரந்தரமானது. நாக்பூரிலிருந்து ட்ரங்க் கால் வந்தால், இணைப்புக் கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கம் பேசுவது பெண்ணா என்று ஒரு வினாடி கூடுதலாகக் கேட்பாள். கோமதியின் குரலை அவள் மொத்தமாகவே அந்த ஒரு காலையில்தான் கேட்டிருந்தாள். வந்தால் தெரிந்துகொள்வாள் என்ற நிச்சயம் அவளுக்கு இருந்தது. அந்தக் குரல் வரவே இல்லை.